பதினாலாம் அத்தியாயத்தில் சாகவேண்டியவள்

தனக்கு உடம்பு சரியில்லை என்பது டெய்லரக்காவுக்கு ஊர் சொல்லித்தான் தெரியவந்தது. அந்தத் தெருவில் எப்போதுமே அப்படித்தான். சம்பந்தப்பட்டவர் காதுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அது நாலு வீடு சுற்றி, கை கால் மூக்கு எல்லாம் முளைத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு டீச்சர் வந்து நின்றாள். வீட்டுக்காரருடைய பேண்ட் மூன்றைக் கால் குறைக்கக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் குடுத்தாக்கூடப் போதும்க்கா, அவசரமே இல்ல" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள்.

"அக்கா, அந்த பேண்ட்டை எல்லாம் அப்படியே குடுத்துடுங்களேன்."

"இன்னும் பிரிக்கவே இல்லையேம்மா."

"பரவால்லக்கா. மடிச்சு விட்டுக்கிட்டுப் போட்டுக்கட்டும், ஒண்ணும் குறைஞ்சிட மாட்டாரு. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க." சொல்லும்போதே டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பையிலிருந்து மூன்று ஆரஞ்சை எடுத்து வெட்டுமேஜை மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்து வந்தவர் பேங்க் ஆபீசர். அவருடைய கோட்டின் இடது கை அப்போதுதான் பிரித்துத் தனியாகக் கிடந்தது. "அப்படியே குடும்மா, மாட்டறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீ ரெஸ்ட் எடு" என்று கோட்டை ஒரு தோளிலும் கையை மறு தோளிலுமாகப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். பகல் பன்னிரண்டுக்குள் ஐந்து பை போய்விட்டது. துணி மாட்டும் கம்பி வெறிச்சோடிக் கிடந்தது. மேஜை மேல் ஆரஞ்சு, ஆப்பிள், இரண்டு பாக்கெட் குளுக்கோஸ். ஆல்டரேஷன் கடையை மூடிவிட்டுப் பழக்கடை வைத்துவிடலாம் போலிருந்தது.

டெய்லரக்கா புதுத்துணி தைப்பவள் இல்லை. இன்னொருவன் தைத்துக் கெடுத்ததைச் சரிசெய்வதுதான் அவள் தொழில். இடுப்பு பெருத்தவருக்கு விட்டுக் கொடுப்பாள், இளைத்தவருக்குப் பிடித்துக் கொடுப்பாள். தெருவில் யார் எவ்வளவு ஊதியிருக்கிறார்கள் என்று டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்; தெரிந்தாலும் வெளியே விடமாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவளால் யாருக்கும் பிரயோஜனம் கிடையாது.

மத்தியானம் பக்கத்து மருந்துக்கடைத் தம்பியே பிரஷர் பார்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கையை நீட்டுங்கக்கா."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

பட்டையைச் சுற்றி, அமுக்கி, காற்றை விட்டுப் பார்த்தான். நூற்றிருபதுக்கு எண்பது. அவன் முகத்தில் ஏமாற்றம். இன்னொரு தரம் அமுக்கினான். அப்போதும் அதேதான்.

"என்னடா, குறைச்சுக் குடுக்கணுமா?" என்றாள். "எனக்கு உடம்பு சரியில்லன்னு எவன் கிளப்பிவிட்டது?"

தம்பி மிஷினை மடித்தான். "மாமாதாங்கக்கா. வந்து விசாரிச்சாரு."

"என்ன விசாரிச்சாரு?"

"அம்பத்தாறு வயசுப் பொம்பளை. உழைச்ச உடம்பு. சர்க்கரை கிடையாது. வலி தெரியக்கூடாது, முகம் வாடக்கூடாது, கடைசிவரைக்கும் தெளிவாப் பேசணும். ஆனா மூணு அத்தியாயத்துக்குள்ள ஆள் போயிடணும். இதுக்குத் தோதா என்ன வியாதி இருக்குன்னு கேட்டாரு."

"மூணு என்ன?"

"அத்தியாயம்னுதான் சொன்னாரு. துக்கத்துல மாசத்தை அப்படிச் சொல்றாருன்னு நினைச்சேன்."

"யார்கிட்டயெல்லாம் சொன்னே?"

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லலக்கா. டீச்சர்கிட்ட மட்டும்தான்."

டீச்சரிடம் மட்டும் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். டெய்லரக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். ஷட்டரை இழுத்துவிட்டு மாடி ஏறினாள்.

மாடியில் இருப்பவரைத் தெரு 'டைம்டேபிள்' என்று கூப்பிடும். டெய்லரக்காவின் வீட்டுக்காரர். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டூட்டி சார்ட் போட்டவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் எதில், யாருக்கு எங்கே சாப்பாட்டு இடைவேளை என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாக எழுதுகிற வேலை. ஊரே அவர் போட்ட கட்டத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தினமும் மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே நாவல் எழுத உட்கார்ந்தார். முதல் நாவலின் முதல் அத்தியாயத்தில் நாலு பேர் ஒரு அறைக்குள் டீ குடிக்க வந்தார்கள். ஒன்பதாவது அத்தியாயத்திலும் அவர்கள் டீ குடித்துக்கொண்டே இருந்தார்கள். யாரை எப்படி எழுப்பி அனுப்புவது என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது நாவலில், இந்த வம்பே வேண்டாமென்று, கதாநாயகனை ரயிலில் ஏற்றிவிட்டார். எங்கே இறக்குவது என்று தெரியாமல் எட்டு மாதம் ஓட்டினார். இரண்டு நாவலும் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

அப்புறம்தான் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் நடக்கும் நாவல் வகுப்பில் சேர்ந்தார். "எழுதுறதுக்கு முன்னாடி திட்டம் போடுங்க. யார் எப்ப வர்றாங்க, எதுக்கு வர்றாங்க, எப்ப போறாங்க, எல்லாம் ஒரே தாள்ல தெரியணும்" என்று வாத்தியார் சொன்னதும் இவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அட, இது டூட்டி சார்ட் அல்லவா! இதைப்போய் எட்டு மாதமாகத் தெரியாமல் ரயிலில் சுற்றிக்கொண்டிருந்தோமே!

சாப்பிடும் அறையில் ஃப்ரிட்ஜுக்கு எதிர்ச்சுவரில் இருந்த காலண்டர், கண்ணாடி, மகள் படித்த காலத்துப் படம் எல்லாம் கீழே இறங்கின. எட்டுத் தாளை ஒட்டி ஒரே விரிப்பாக்கினார். குறுக்கே இருபத்துநாலு அத்தியாயம். நெடுக்கே பாத்திரங்கள். கதாநாயகனுக்குப் பச்சை, தம்பிக்கு நீலம், மகளுக்கு மஞ்சள், நண்பனுக்குப் பழுப்பு. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதினார். அது டெப்போ வழக்கம்: கடைசி வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்து நிற்கவேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தால் காலையில் முதல் வண்டி தானாகக் கிளம்பும். அதன்படி இருபத்துநாலாவது கட்டத்தில், 'அவன் தனியாக. அழுகிறான். முற்றும்' என்று எழுதினார். எதற்கு அழுகிறான் என்று பின்னாலேயே தேடிக்கொண்டு வந்தார். பதினாலாவது கட்டத்தில் காரணம் கிடைத்தது.

நாலு மாதமாக டெய்லரக்கா அந்தச் சார்ட்டைச் சுவராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி தட்டுவாள், வாசிக்கமாட்டாள். கடையிலிருந்து மார்க்கிங் சாக்பீஸ் காணாமல் போகும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்த்து முறைப்பாள். அன்றைக்குத்தான் கிட்டே போய் நின்று வாசித்தாள். பன்னிரண்டு: 'அவளுக்கு லேசான இருமல்.' பதிமூன்று: 'டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார்.' பதினாலு: 'அவள் மரணம். காலை 6.40.'

கணவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, காதில் பென்சிலோடு இருபதாவது அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்த 'அவள்' யாரு?"

"கதாநாயகனோட மனைவி. கற்பனைப் பாத்திரம்."

"வாயில குண்டூசி வெச்சுக்கிட்டே பேசுவாளா?"

"பேசுவா."

"யாரும் எடுத்துடக்கூடாதுன்னு கத்திரிக்கோலை மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வைப்பாளா?"

"அது கதைக்குத் தேவைப்படுது."

"தும்மினா மூணு தும்மலோட நிறுத்திடுவாளா?"

"நீ ஒண்ணொண்ணாப் பிச்சுப் பாக்காத. மொத்தமாப் பாக்கணும்."

"மொத்தமாத்தான் போயிட்டாளே, ஆறு நாப்பதுக்கு!"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். இறங்கும்போது முகத்தில், சில்லறை இல்லாமல் பஸ்ஸில் ஏறியவனின் களை.

சாவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் பெரிய பயமில்லை. வயசானால் எல்லாரும் போகத்தான் வேண்டும். ஆனால் இன்னொருத்தர் அழுது பெயர் வாங்குவதற்காகத் தான் சாகவேண்டும் என்பதுதான் தொண்டையில் சிக்கியது. அதுவும் இன்னும் பத்து அத்தியாயம் பாக்கியிருக்கும்போது! சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் இடைவேளையில் வீட்டுக்கு அனுப்பினமாதிரி.

"இதப் பாருங்க" என்றாள். "நான் சாகமாட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் இந்தக் கதையில இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப அவன் எதுக்கு அழுவான்?"

"வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க. தாரையாக் கொட்டும். எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

"விளையாடாத. வாத்தியார் சொல்லியிருக்காரு. கதாநாயகனுக்கு எது இல்லாம வாழவே முடியாதோ, அதை அவன்கிட்டேர்ந்து பிடுங்கணும். அதுதான் கதையோட முதுகெலும்பு. நானும் உக்காந்து பட்டியல் போட்டேன். ரேடியோ, மூக்குக்கண்ணாடி, காலையில நடக்கப்போறது, நீ. மத்த மூணைப் பிடுங்கினா இருபத்துநாலு அத்தியாயம் வரமாட்டேங்குது."

முப்பத்துமூன்று வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் ஆசைவார்த்தைக்குக் கிட்டத்தில் வந்தது அதுதான். அதற்குச் சந்தோஷப்படுவதா, ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததற்குச் சண்டை போடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இல்லாமல், "சனிக்கிழமைக்குள்ள மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். சனிக்கிழமைதான் வகுப்பில் சார்ட்டைக் காட்டவேண்டிய நாள். வாத்தியார் சரி என்றால்தான் எழுத ஆரம்பிக்க முடியும்.

மறுநாள் டெய்லரக்கா சொல்லி அனுப்ப, மருந்துக்கடைத் தம்பி வீடு வீடாகப் போய், வியாதி கதையில்தான், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லாருக்கும் சந்தோஷம்தான். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கொடுத்த ஆப்பிளைத் திருப்பிக் கேட்க முடியுமா? பைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கோட்டும் வந்தது, கை மட்டும் வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டாராம், தேடிக்கொண்டிருந்தார்கள். துணியோடு கூடவே அபிப்பிராயமும் வந்தது.

"கதைன்னா ஒரு சாவு இருக்கணும்மா" என்றார் பேங்க் ஆபீசர். "தப்பா எடுத்துக்காத. உப்பு மாதிரி."

"உங்களைப் போட்டுக்கச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டாள். அவர் அளவு டேப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

டீச்சர், டெய்லரக்காவின் கட்சி. "அதெப்படிங்க்கா, நாள் முழுக்க உழைக்கிறவ சாகணும், உக்காந்து சாப்பிடறவன் அழணும்! என் வீட்டுக்காரர் நாவல் எழுதினா முதல் அத்தியாயத்திலேயே அவரை அனுப்பிடுவேன்."

மேலே கணவர் தன்னால் ஆனமட்டும் முயன்றுகொண்டிருந்தார். பதினாலாவது கட்டத்தில் சாவை ரப்பரால் அழித்துப் பார்த்தார். பதினைந்திலிருந்து கடைசிவரை கதை துவைத்த துணிபோலத் தொங்கியது. எல்லாரும் சுகமாக இருந்தார்கள். மறுபடியும் டீ குடிக்க உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. வியாழக்கிழமை, அவளுக்குப் பதிலாக மருந்துக்கடை நண்பன் பாத்திரத்தைக் கொன்று பார்த்தார். அந்தச் சேதி எப்படியோ ஒரு மணிநேரத்தில் கீழே போய்விட்டது. தம்பி கடையை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தான்.

"மாமா, என்ன மாமா இது! எனக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க இருக்கு!"

"பயப்படாத, மாத்திட்டேன். உன்னைக் கொன்னா ரெண்டே அத்தியாயத்துல துக்கம் தீந்துபோயிடுதுப்பா. பத்து வரைக்கும் தாங்கமாட்டேங்குது."

தம்பி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "ரெண்டுதானா?" என்றான். செத்ததைவிட அதுதான் அவனுக்கு வருத்தம். மூன்று நாள் மாமாவுக்கு இருமல் மருந்துகூட முகம் கொடுத்துத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டெய்லரக்கா சாப்பிட மாடிக்கு வந்தாள். கணவர் சார்ட்டுக்கு முன்னால் ஸ்டூலில், முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பதினாலாவது கட்டத்தில் எழுதி எழுதி அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. நாளைக்கு வகுப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும், நாலு நாளாகப் பிடித்து வைத்திருந்த கோபம் கையைவிட்டு நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. நழுவவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வரல" என்றார். "நீ இருந்தா கதை இல்ல. கதை இருந்தா நீ இல்ல."

"நகருங்க, பாக்கறேன்."

"இது உனக்குப் புரியாது. இதுக்கு ஒரு முறை இருக்கு."

"எனக்கும் ஒரு முறை இருக்கு. உள்பக்கம் திருப்பிப் பாக்காம எதுலயும் கத்திரி வைக்கமாட்டேன்."

சார்ட்டைத் திருப்ப முடியாது, சுவரில் ஒட்டியிருக்கிறது. அதனால் கிட்டே போய்த் தன் வரிசையைத் தேடினாள். பச்சை, நீலம், மஞ்சள், பழுப்பு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள்.

"எங்க என் வரிசை?"

"உனக்கு வரிசை கிடையாதும்மா. நீ ஸ்பேர்."

"நான் என்ன?"

"ஸ்பேர். டெப்போல ஒரு டிரைவரைக் காலையிலேர்ந்து சும்மா உக்கார வெச்சிருப்போம். யாராவது வரலையா, எங்கயாவது வண்டி நின்னுபோச்சா, உடனே அவனைத் தூக்கி அதுல போடுவோம். அவனுக்குன்னு தனி ரூட் கிடையாது. அடுத்தவங்க கட்டத்துல 'ஸ்' போட்டு ஒரு வட்டம். இதோ பாரு." பெருமையாகவே காட்டினார். "ஸ்பேர் இல்லாத சார்ட் அரை மணிநேரம் தாங்காது, தெரியுமா?"

பார்த்தாள். பச்சைக் கட்டத்தில், நீலக் கட்டத்தில், மஞ்சளில், எங்கே பார்த்தாலும் மூலையில் பொடியாக ஒரு வட்டம். அவள் கீழே போய் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில் நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். அந்த வட்டங்களை மட்டும் வரிசையாக எடுத்து எழுத ஆரம்பித்தாள், எழுதும்போதே வாய்விட்டுப் படித்துக்கொண்டு.

"ஒண்ணு. கதவைத் திறந்துவிடறேன். மூணு. தொலைஞ்சுபோன கடுதாசியை எடுத்துக் குடுக்கறேன். நாலு. அண்ணன் தம்பி சண்டை, நடுவுல போய் நிக்கறேன். அஞ்சு, கதவு. ஏழு, திரும்பவும் கதவு. இந்த வீட்டுல வேற யாருக்கும் கதவு திறக்கத் தெரியாதா?"

"நீ பக்கத்துல இருக்கே, அதான்."

"பன்னெண்டு, இருமிக்கிட்டே கதவைத் திறக்கறேன். பதினாலு, செத்துப்போறேன். சரி. பதினஞ்சு..." நிறுத்தினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "பதினஞ்சு, அவனோட மூக்குக்கண்ணாடியைத் தேடிக் குடுக்கறேன்."

"யாரு?"

"நான்தான். வட்டம் போட்டிருக்கே! பதினேழு, ஊர்லேர்ந்து தம்பி வர்றான், அவனுக்குச் சாப்பாடு போடறேன். பத்தொம்பது, மக போன்ல சண்டை போடறா, நான் வாங்கிப் பேசிச் சமாதானம் பண்றேன். இருபத்திரண்டு, மழை வருது, கொடியிலேர்ந்து துணி எடுக்கறேன். இருபத்துமூணு..." அவள் குரல் ஒருமாதிரி ஆனது. "அவன் துக்கத்துல சாப்பிடாமப் படுத்திருக்கான். தலைமாட்டுல ஒரு சொம்புத் தண்ணி கொண்டுபோய் வைக்கறேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்துட்டேன்னு நீங்க படுத்து அழறீங்க. அதுக்குத் தண்ணியும் நானே வந்து வைக்கறேன்."

கணவர் எழுந்து வந்து பார்த்தார். பதினைந்தைப் பார்த்தார், பதினேழைப் பார்த்தார். விரலை வைத்து இருபத்துமூன்று வரை ஓட்டினார். காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. லீவில் இருந்த டிரைவருக்கு டூட்டி போட்டதற்காக ஒரு ஜூனியரை ஒரு மாதம் வறுத்தெடுத்த மனிதர் அவர். முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் ஏற்றியதில்லை.

"செத்தவளுக்கு டூட்டி போட்டிருக்கேன்" என்றார். "ஒண்ணில்ல. அஞ்சு."

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல வாயில் குண்டூசி இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் வஞ்சகமில்லாமல் சிரித்தாள். ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பாவம், இவரால் நம்மைக் கொன்றுகூடத் தனியாக இருக்க முடியவில்லையே என்று இருந்தது. கையிலிருந்த பழுப்புத்தாள் துண்டைத் திரும்பப் பார்த்தபோது சிரிப்பு மெல்ல இறங்கியது. கதவு, கதவு, சண்டை, சாப்பாடு, கதவு. அவ்வளவு நீளத்தில் ஒரு இடத்திலாவது அவளுக்காக அவள் எதையாவது செய்ததாக இல்லை.

"எனக்குத் தனி வரிசை போடுங்க" என்றாள்.

புதுத்தாளை அடியில் ஒட்டி, ஸ்கேல் வைத்து இருபத்துநாலு கட்டம் போட்டார். சிவப்புப் பென்சிலைச் சீவினார். அந்த நிறத்தை முக்கியமான யாருக்காவது வேண்டுமென்று இதுவரை தொடாமல் வைத்திருந்தார்.

"சொல்லு. பதினாலுல என்ன எழுதட்டும்? நீ என்ன பண்றே?"

டெய்லரக்கா அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். தெருவில் யாருக்கு எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தனக்கு என்று கேட்டதும் நாக்கு எழவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"அவ வீட்டைவிட்டுக் கிளம்பிப் போறா" என்றாள் கடைசியில்.

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவமெல்லாம் இல்ல. சும்மா கிளம்பறா."

"தங்கச்சி வீட்டுக்கா?"

"அங்க போனா அவ வீட்டுக் கிழிசலையெல்லாம் கொண்டாந்து மடியில போடுவா. வேற ஊர். பேர் தெரியாத ஊர். ஒரு லாட்ஜ்ல ரூம் எடுத்து..."

"எடுத்து?" பென்சில் தயாராக நின்றது.

"தூங்கறா."

"தூங்கறாளா? இது ஒரு சம்பவமாம்மா?"

"காலையில பத்து மணி வரைக்கும் தூங்கறா. யாரும் கூப்பிடல. யாரும் எதையும் தேடல. எழுந்து, ஜன்னலைப் பாத்துட்டுத் திரும்பவும் தூங்கறா. உங்களுக்கு வேணா இது சம்பவமா இல்லாம இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இதைவிடப் பெரிய சம்பவம் என் வாழ்க்கையில நடக்கல."

அவர் எழுதினார். பிறகு பழக்கதோஷத்தில் பதினைந்திலிருந்து இருந்த வட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். மூக்குக்கண்ணாடி: ஆள் இல்லை. தம்பி வருகிறான்: சாப்பாடு இல்லை. மகள் போனில் கத்துகிறாள்: வாங்கிப் பேச யாரும் இல்லை. இருபத்திரண்டு: துணி நனைகிறது. பின்னால் இரண்டு எட்டு நகர்ந்து நின்று மொத்தமாகப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"எல்லா இடத்துலயும் ஓட்டை விழுந்துடுச்சு" என்றார். "டெப்போல இப்படி நடந்தா ஊரே ரோட்டுக்கு வந்துடும். கலவரம்தான்."

"இவ்வளவு நாளா அதைத்தானே தேடினீங்க?"

"ஆமா!" என்றார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார். வீட்டில் மனைவி கையைக் குலுக்கிய கணவனைத் தெரு இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கடைசிக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. அவள் திரும்பி வருகிறாளா, இல்லையா? "முதல்ல அவ தூங்கி எழட்டும்" என்று சொல்லிவிட்டு டெய்லரக்கா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிவு தெரியாத சார்ட்டை அவர் வாழ்நாளில் வெளியே எடுத்துப் போனதில்லை. சுவரிலிருந்து உரித்துக் கொண்டுபோன சார்ட்டைச் சனிக்கிழமை வகுப்பில் வாத்தியார் முழுக்கப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இருபத்துநாலாவது கட்டத்தில் விரலை வைத்து "இது?" என்று கேட்டாராம். இவர், "வீட்ல இன்னும் சொல்லல சார்" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். ஆனால் வாத்தியார் சிரிக்கவில்லை, "கேட்டுச் சொல்லுங்க" என்றுதான் சொன்னார் என்று டீச்சரின் கொழுந்தனார் சொன்னார். அவரும் அதே வகுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பேங்க் ஆபீசர் வீட்டில் ஒருவழியாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தனுப்பிய கோட்டுக்கையை டெய்லரக்கா மாட்டிக்கொண்டிருந்தாள். கணவர் இஸ்திரி மேஜையைத் துடைத்துவிட்டு நோட்டைப் போட்டு உட்கார்ந்தார். நேராகப் பதினாலாம் அத்தியாயம். அதை எழுதி முடித்தால்தான் மற்றதெல்லாம் நகரும் என்றார்.

"'ஒரு சிறிய பையில் இரண்டு மாற்றுத்துணியுடன் அவள் படியிறங்கினாள்'" என்று படித்துக் காட்டினார்.

"தலையணை?"

"என்ன தலையணை?"

"தலையணையை எடுத்துக்கிட்டுத்தான் போவா. லாட்ஜ் தலையணையெல்லாம் எனக்கு ஆகாது. கழுத்து பிடிச்சுக்கும்."

'ஒரு கையில் பையும் மறுகையில் தலையணையுமாக' என்று திருத்தினார். இரண்டு வரி எழுதினார். பேனா நின்றது. நோட்டைப் பார்த்துக்கொண்டே, யாரையோ பற்றிக் கேட்பதுபோல, "தலையணையையே தூக்கிக்கிட்டுப் போறான்னா... திரும்பி வருவாளா?" என்றார்.

டெய்லரக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. அதைத் தேடுவதற்காக இடதுகை மேஜை மேல் தடவிக்கொண்டிருந்தது; அவருக்கே தெரியாமல்தான் தடவியது. கடைசிக் கட்டத்தில் என்ன வரவேண்டும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழுதுங்க, பாக்கலாம்" என்றாள். பத்து அத்தியாயம் தேடட்டுமே, என்ன இப்போது?